இரண்டாம் பால்

கோலாலம்பூர் செந்தூலின் அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு லாரி அடிக்கடி ஊர்ந்து வரும். மேலே கட்டிய ஒலிபெருக்கியில், பதிவு செய்த குரல் ஒன்று "பேப்பர் லாமா... சூராட் காபார் லாமா..." என்று இழுத்துக்கொண்டே போகும். கோலாலம்பூரில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் குரல் பழக்கம். பழைய செய்தித்தாள் வாங்கத்தான் அந்த லாரி வந்துகொண்டிருந்தது. இப்போது அதில் ஏறுபவற்றில் செய்தித்தாள் குறைவு. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் பத்திரிகை 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோன பிறகு, கட்டிப் போடும் அளவுக்குத் தமிழ்ப் பேப்பர் சேரும் வீடுகள் எங்கள் வட்டாரத்தில் அரிதாகிவிட்டன. மின்விசிறி, ரைஸ் குக்கர், சலவை இயந்திரம், கால் ஆடும் நாற்காலி இவைதாம் ஏறுகின்றன. பலவற்றில் பழுது சின்னதுதான். மின்விசிறிக்கு ஒரு கெப்பாசிட்டர், குக்கருக்கு ஒரு வயர், நாற்காலிக்கு ஒரு திருகாணி. மாற்றித் தர ஆளில்லாததால் அவை லாரிக்குப் போகின்றன.

சிக்கனக் குறிப்புகளுக்கு இன்று பஞ்சமே இல்லை. மிஞ்சிய சோற்றை என்ன செய்வது, பழைய போத்தலில் என்ன செய்வது, புத்தகத்தை மலிவாக எங்கே வாங்குவது என்று கைப்பேசி நாள் முழுக்கச் சொல்லித் தருகிறது. பெரும்பாலானவை நல்ல குறிப்புகள். சிலவற்றை நானும் கைக்கொள்கிறேன். ஆனால் அவை யாவும் தனி ஒரு வீட்டைப் பார்த்துப் பேசுகின்றன. நீ கவனமாக இருந்தால் உன் காசு மிஞ்சும் என்பதோடு அவற்றின் பேச்சு முடிந்துவிடுகிறது. செந்தூலின் பழைய வாழ்க்கையை நான் பார்த்த வரையிலும், பெரியவர்களிடம் கேட்டறிந்த வரையிலும், சிக்கனம் ஒரு தெருவின் ஏற்பாடாகத்தான் இருந்திருக்கிறது. ஒரு பொருள் இரண்டாம் முறை பிழைக்க வேண்டுமானால், அதை வாங்கிக்கொள்ளும் இன்னொரு கை பக்கத்திலேயே இருக்க வேண்டும். குறிப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தக் கை இல்லாத இடத்தில் அது வேலை செய்யாது.

பழுது பார்ப்பதை நம்பியே எழுந்த ஊர் செந்தூல். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே ரயில்வே தன் மையப் பட்டறையை இங்கே அமைத்தது. தமிழ்நாட்டிலிருந்து உடலுழைப்பை நம்பி வந்தவர்களும், யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர் வேலைக்கும் நிலைய வேலைக்கும் வந்தவர்களும், மலையாளிகளும் தெலுங்கர்களும் சீக்கியர்களும் அதைச் சுற்றிக் குடியேறினார்கள். நீராவி இஞ்சினின் கொதிகலனைப் பிரித்துக் குழாய்களை மாற்றுவது, தேய்ந்த சக்கரத்தைக் கடைசலில் ஏற்றிச் சீராக்குவது, பெட்டியின் உளுத்த பலகையைக் கழற்றிப் புதுப்பலகை அடிப்பது என்று பட்டறையின் அன்றாடம் பழையதை மறுபடி ஓட வைப்பதிலேயே கழிந்தது. 1945இல் நேச நாட்டு விமானங்கள் கோலாலம்பூர் ரயில்வேயைக் குறிவைத்துக் குண்டு போட்டபோது பட்டறையும் சேதமடைந்தது. போர் முடிந்ததும் அதையே தூக்கி நிறுத்தி மறுபடி வேலையைத் தொடங்கினார்கள்.

பகலெல்லாம் பழுது பார்த்த கை, வீட்டுக்கு வந்ததும் சும்மா இருப்பதில்லை. என் தாத்தா பட்டறையில் பிட்டராக இருந்தவர். மாலையில் குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் அக்கம்பக்கத்துப் பாத்திரங்கள் வரிசையாக வந்துவிடும் என்று அம்மா சொல்வார். ஓட்டைக் குண்டானுக்கு ஈயம் வைப்பார், இரும்புப் பெட்டியின் கீலை மாற்றுவார். அதற்குக் காசு வாங்கியதில்லை. அந்த வீடுகளிலிருந்து முருங்கைக்காயோ, பிள்ளைகளின் சட்டைக்குத் தையலோ, ஊருக்கு எழுத வேண்டிய கடிதமோ பதிலாக வந்துசேரும். யார் வீட்டில் எந்தக் கைவேலை உண்டு என்பது தெருவுக்கே மனப்பாடம்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தலைமுறையின் சிக்கனத்தில் பாதியைக் கற்றுக்கொடுத்தது பஞ்சம். 1942 ஜனவரியில் கோலாலம்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மலாயா தின்ற அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. அந்த வரத்து அறுந்ததும் மரவள்ளிக்கிழங்குதான் சோறு என்றாகிவிட்டது. துணிக்குச் சாக்கு. வாழைமரப் படம் போட்ட நோட்டு கட்டுக்கட்டாகக் கையில் இருந்தும் அதைக் கொண்டு வாங்க ஒன்றும் இல்லை. தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாமலே போனார்கள். அந்த மூன்றரை ஆண்டுகளைக் கடந்து வந்த என் பாட்டி, பிறகு சாகும்வரை மரவள்ளியை வாயில் வைக்கவில்லை. ஒரு பருக்கைச் சோற்றைக் கொட்டவும் இல்லை. இந்த இரண்டும் ஒரே காயத்திலிருந்து வந்தவை என்பதை மறந்துவிட்டு, "அந்தக் காலத்தில் எவ்வளவு சிக்கனம்!" என்று வியப்பது எனக்கு உவப்பாக இல்லை. பசி ஒரு பள்ளிக்கூடம் என்று எழுத என் கை வராது.

ஆனாலும் அவர்கள் சமையலறையில் கண்டுபிடித்தவை பசியை விட நீண்ட ஆயுள் கொண்டவை. எங்கள் வீட்டுக்குச் சொதியைக் கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஆச்சி. தேங்காயைத் துருவி முதலில் பிழியும் கெட்டிப் பாலைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். சக்கையில் வெந்நீர் ஊற்றிப் பிசைந்து இரண்டாம் பால் எடுப்பார். வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, உருளைக்கிழங்கோ மீனோ எதுவானாலும் அந்த இரண்டாம் பாலில்தான் வேகும். முதல் பால் கடைசியில், அடுப்பை இறக்கப் போகும் நேரத்தில் வந்து சேரும். அது கொதித்தால் திரிந்துவிடும். பேர் என்னவோ முதல் பாலுக்கு, சமையல் செய்வது இரண்டாம் பால். சக்கையும் வீணாவதில்லை. பொன்னிறமாக வறுத்து, காய்ந்த மிளகாயும் உளுந்தும் உப்பும் சேர்த்து இடித்தால் இட்லிக்கு ஒரு பொடி. அதற்கும் பொறுமை இல்லாத நாளில் எண்ணெய்ச் சட்டி துலக்க அதைவிட நல்ல பொருள் இல்லை.

பீர்க்கங்காய்த் தோலில் துவையல் செய்வதைத் தமிழ் வீடுகளுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மலேசியாவின் பொருள்களுக்கு அதே கண்ணைத் திருப்பியவர்களைத்தான் நான் மெச்சுகிறேன். நெத்திலியின் தலையைக் கிள்ளி எறியாமல் சேர்த்து வைத்து, வெறும் சட்டியில் வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து வடித்தால் கஞ்சிக்கும் கீரைக்கும் அருமையான சாறு கிடைக்கும். பலாக்கொட்டையைப் போலவே செம்படாக் கொட்டையையும் உப்புப் போட்டு அவித்து, தோலுரித்து, கருவாட்டுக் குழம்பில் போடலாம். தர்பூசணியின் பச்சைத் தோலைச் சீவிவிட்டு, வெள்ளைச் சதையை நறுக்கிப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் சுரைக்காய்க்கும் அதற்கும் வித்தியாசம் சொல்வது கடினம். கங்கோங் இலையைப் பிரட்டலுக்கு எடுத்தபின் மிஞ்சும் தண்டைப் பொடியாக அரிந்து வடைமாவில் கலக்கலாம். செந்தூல் பசாருக்குக் கடை கட்டும் நேரத்தில் போனால் கூறுகட்டி வைத்த காய் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் அன்றைக்கே சமைத்துவிட வேண்டும்.

இங்கேதான் தனி வீட்டின் எல்லை தெரிகிறது. கூறு தக்காளி மூன்று பேர் உள்ள வீட்டுக்கு அதிகம். ஒரு முழுப் பலாப்பழம் எந்த வீட்டுக்கும் அதிகம். அந்நாளைய ரயில்வே வரிசை வீடுகளில் பலா வெட்டுவது என்றால் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஒருவர் உட்காருவார். சுளை தட்டுத்தட்டாக நாலு திசைக்கும் போகும். தட்டு வெறுமையாகத் திரும்பி வராது. மிக்சரோ கேசரியோ ஒரு கைப்பிடி சர்க்கரையோ அதில் இருக்கும். கறிவேப்பிலை மரம் ஒரு வீட்டில், பப்பாளி ஒரு வீட்டில், வாழையிலை ஒரு வீட்டில். "அக்கா, ரெண்டு ஆர்க்கு ஒடிச்சிக்கிறேன்" என்று வாசலில் நின்று குரல் கொடுத்தால் போதும். குளிர்பெட்டி வருவதற்கு முன் மிஞ்சிய சாப்பாட்டைக் கெடாமல் காத்தது இந்தப் போக்குவரத்துதான்.

இந்தச் சிக்கனத்தின் கணக்கை யார் கட்டினார்கள் என்பதையும் எழுத வேண்டும். கடைசியாகச் சாப்பிட்ட பெண்கள். மீனின் நடுத்துண்டு வேலைக்குப் போகிறவருக்கு, வால் பிள்ளைகளுக்கு, குழம்பு தனக்கு என்று பங்கிட்டவர்கள். சம்பளத்துக்கு முந்தைய வாரத்தில் பழைய சோற்றுத் தண்ணீரோடு எழுந்து போனவர்கள். அவர்களுடைய சாமர்த்தியத்தைக் குறிப்புகளாகப் பிரித்தெடுத்துப் பரப்பும்போது அவர்களுடைய வயிற்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. இன்றைக்குச் சிக்கனமாக இருக்க விரும்பும் வீட்டில் முதலில் மாற வேண்டியது அந்தப் பந்தி வரிசைதான்.

இத்தனை கெட்டியாக இருந்த வீடுகள் ஒரு செலவுக்கு மட்டும் கையைத் தளர்த்தின. அது படிப்பு. பேப்பர், பத்திரிகை, பிள்ளைகளின் புத்தகம். தமிழ் நேசன் 1950இல் நடத்திய கதை வகுப்பைப் பாடம்போல வெட்டி வைத்துப் படித்து எழுத்தாளர் ஆனவர்கள் இந்த நாட்டில் உண்டு. சிங்கப்பூரிலிருந்து வந்த தமிழ் முரசின் வழியாக அதன் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைக்க வேண்டும் என்று சாதாரணத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். அந்தப் பணம் புத்தகமாகவும் மாறியது. பழைய சோறு சாப்பிட்டுவிட்டு, தாங்கள் ஒருநாளும் நுழையப் போகாத நூலகத்துக்குக் காசு கொடுத்தவர்களைக் கருமிகள் என்று யார் சொல்ல முடியும்?

வாங்கிய பத்திரிகையை அவர்கள் நடத்திய விதம் தனிக் கதை. சென்னையிலிருந்து கப்பலேறி வரும் கல்கியும் ஆனந்த விகடனும் ஒரு வீட்டில் வாங்கினால் பல வீடுகளில் படிக்கப்படும். சுற்று முடிந்து வாங்கிய வீட்டுக்கே திரும்பிய பிறகு தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்ப்பார்கள். 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வனை இப்படிக் கட்டி வைத்த வீடுகள் தமிழர் வாழும் நாடுகளிலெல்லாம் இருந்தன. அச்சுப் புத்தகத்தில் கிடைக்காத ஒன்று அந்தக் கட்டில் இருந்தது: ஓவியர் மணியத்தின் படங்கள், பின்பக்கத்து விளம்பரங்கள், பாதியில் அறுந்து நிற்கும் யாரோ ஒரு வாசகரின் கடிதம். எங்கள் வீட்டுக் கட்டின் ஓரங்களில் நாலைந்து விதமான கையெழுத்தில் குறிப்புகள் இருக்கின்றன. அடுத்த வாரம் என்ன ஆகும் என்று ஒருவர் ஊகித்து எழுத, அதற்குக் கீழே இன்னொருவர் மறுத்து எழுதியிருக்கிறார்.

கட்டும் முறை எளிது. இன்றும் யாரும் செய்யலாம். பத்திரிகையின் நடுப்பின்னைக் கழற்றிப் பக்கங்களை வரிசைப்படுத்த வேண்டும். முதுகுப் பக்கத்தைத் தரையில் தட்டிச் சமன் செய்து, விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி மூன்று துளை. கோணி ஊசியில் மெழுகு தேய்த்த நூலைக் கோத்து நடுத்துளையில் தொடங்கி நடுத்துளையிலேயே முடிச்சிட வேண்டும். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதை விட்டுவிட்டு, கட்டிய புத்தகத்துக்குள் வேப்பிலை வைத்தால் போதும். அட்டைக்குப் பழைய நாள்காட்டியின் கெட்டி அட்டை. முதுகுக்குச் சேலைக் கரையில் ஒரு துண்டு. பிறகு அம்மிக்குழவியின் கீழ் ஓர் இரவு. வெயிலில் காயவைத்தால் அட்டை வளையும், ஆகவே நிழலில்தான். பிள்ளைகளின் பள்ளி நோட்டில் ஆண்டு முடிவில் மிஞ்சும் வெற்றுத்தாள்களை இதே முறையில் கட்டினால் அடுத்த ஆண்டுக்குக் கணக்கு நோட்டு வாங்க வேண்டாம்.

புத்தகம் மலிவாகக் கிடைக்கும் இடங்கள் இப்போது கூடியிருக்கின்றன. 2009இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் தொடங்கிய பிக் பேட் வுல்ஃப் விற்பனை, குறைந்த வருமானக் குடும்பங்களின் கைக்கும் ஆங்கில நூல்களைக் கொண்டுவந்தது. அது பெரிய காரியம். தமிழ்ப் புத்தகம் சென்னையிலிருந்து கப்பல் கூலியோடு வருகிறது. அதனால் தமிழ் வாசகருக்கு இரவல் இன்னும் முக்கியம். மணிமன்றங்களும் படிப்பகங்களும் ஒரு காலத்தில் அந்த வேலையைச் செய்தன. ஒரு புத்தகத்தை வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பதைவிட, பின்னட்டைக்குள் தாள் ஒட்டி, வாங்கிப்போகிறவர்களின் பெயரை எழுதிச் சுற்றுக்கு விடுவதே வாசிப்பில் சிக்கனம் என்று நினைக்கிறேன். சில திரும்பி வராது. அதை இழப்பாகக் கொள்ள வேண்டாம்; யாரோ வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட புத்தகம் அது.

கைவினை என்று தனியாக ஒன்று அந்த வீடுகளில் இல்லை. தேவை இருந்தது, கையில் பொருள் இருந்தது. பால் டின் அரிசி அளக்கும் படி. அதே டின்னில் துளையிட்டுக் கயிறு கட்டினால் காப்பிக்கடையிலிருந்து காப்பி வாங்கி வரும் பாத்திரம். மைலோ டின் ரோஜாத் தொட்டி. சதுர பிஸ்கட் டின்னில் தீபாவளி முறுக்கு தை மாதம்வரை நமுத்துப்போகாமல் இருக்கும். சேலையின் ஆயுள் இன்னும் நீளம். கட்டிப் பழசானதும் பாவாடை, பிறகு சன்னல் திரை, பிறகு தூளி. துவைத்துத் துவைத்து மெலிந்த நூல்சேலைபோலப் பச்சைப் பிள்ளையின் உடம்புக்கு இதமான துணி கடையில் கிடையாது. கடைசியில் கிழித்துச் சடைபோலப் பின்னிக் கால்மிதி.

இன்று போத்தலுக்கு வண்ணமடித்து, பசைத்துப்பாக்கியால் மணி ஒட்டி, மேசையில் வைக்கும் வேலைகளைப் பார்க்கிறேன். பிள்ளைகள் ஒரு மத்தியானம் மகிழ்ச்சியாக உட்கார்ந்து செய்கிறார்கள், அது நல்லதுதான். ஆனால் வண்ணமும் பசையும் ஏறிய போத்தலை மறுசுழற்சிக்கும் எடுக்கமாட்டார்கள். குப்பையாக வேண்டிய நாளை அது கொஞ்சம் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். ஒரு தேவைக்குப் பதில் சொல்லும் பொருளைச் செய்யப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்பது என் வழக்கு. பொத்தான் தைப்பது, பையின் வாரை மாற்றுவது, பழைய ஜீன்ஸ் காலில் பசார் பை தைப்பது. சிலாங்கூர் மாநிலம் 2017 முதல் கடைகளில் பிளாஸ்டிக் பைக்கு 20 காசு வாங்கத் தொடங்கியது. ஒரு துணிப்பை தன் விலையைத் தானே மீட்டுவிடும்.

சேமிப்பும் இந்தத் தெருவழியில்தான் போயிற்று. சம்பள நாளில் பெண்கள் கூடிக் கூட்டுப் பிடித்தார்கள். மாதம் ஒருவர் கைக்கு மொத்தப் பணம் போகும். பள்ளிக் கட்டணம், தாலிக்கொடி, தையல் இயந்திரம் எல்லாம் அதிலிருந்து வந்தன. ஏமாற்றியவர்களும் இருந்தார்கள், கூட்டு நடத்துவதைத் தடுக்க 1971இல் சட்டமே வந்தது. அரசு வேலையில் இருந்தவர்களுக்கு 1922இலேயே வேறு வழி திறந்திருந்தது. அஞ்சல், தந்தி ஊழியர்கள் அந்த ஆண்டு பதிவு செய்த சிக்கன, கடன் சங்கம்தான் இந்நாட்டின் முதல் கூட்டுறவுச் சங்கம். அதிக வட்டிக்குக் கடன்பட்டுக் கிடந்த சம்பளக்காரர்களை மீட்க, ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்து, தேவைப்படும் உறுப்பினருக்கு அதிலிருந்து கடன் கொடுக்கும் ஏற்பாடு. 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டும் பங்கில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். வெள்ளைக்காரர்கள் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த தோட்டங்களை, அவற்றில் ரப்பர்ப் பால் வெட்டியவர்களே வாங்கினார்கள். தனித்தனியாக மிச்சம் பிடித்திருந்தால் அந்தப் பத்து வெள்ளி ஒரு மாதத்து மளிகையாகக் கரைந்திருக்கும்.

தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா சிறையில் இருந்தபோது எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல் 1945இல் வெளிவந்தது. எடுத்ததை இயற்கைக்குத் திருப்பித் தருகிற, ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகிற வாழ்க்கையே நீடிக்கும் என்பது அவருடைய வாதம். அவர் கிராமங்களை மனத்தில் வைத்து எழுதினார். அதை நகரத்து ரயில்வே வரிசை வீடுகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்று எனக்குப் படுகிறது.

அந்த வரிசைகள் இன்று இல்லை. பிரிக்பீல்ட்ஸின் நூறு குவார்ட்டர்ஸ் வரிசை இடிக்கப்பட்டது. செந்தூல் பட்டறை பத்து காஜாவுக்குப் போய்விட்டது. ரயில்வேயின் பழைய கட்டடம் ஒன்றின் செங்கல் சுவரை இடிக்காமல், 2005இல் அதைக் கலைநிகழ்வு மையமாக ஆக்கினார்கள். மறுபயன் என்பதற்குச் செந்தூலில் அதைவிடப் பெரிய சான்று இல்லை. சுவரைக் காப்பாற்ற முடிந்த ஊர், தெருவைக் காப்பாற்றவில்லை. மாடி வீடுகளில் தண்ணீரும் கழிப்பறையும் மேல். அதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் பதினைந்தாம் மாடியில் கதவுக்கு வெளியே இரும்புக் கம்பிக் கதவு. அக்காவின் வாசலில் நின்று குரல் கொடுக்க முடியாது. கறிவேப்பிலையைப் பிளாஸ்டிக் பையில் வாங்குகிறோம், பாதி கருகிப்போகிறது. நாட்டில் நாள்தோறும் ஏறத்தாழ 17,000 டன் உணவுக் கழிவு சேர்கிறது என்றும், அதில் நான்கில் ஒரு பங்கு தவிர்த்திருக்கக் கூடியது என்றும் திடக்கழிவு நிர்வாகக் கழகம் சொல்லிவருகிறது. விலை ஏறிய நாளில் 2023இல் ஐந்து வெள்ளி ரஹ்மா சாப்பாட்டை அரசு அறிமுகப்படுத்தியது. ஐந்து வெள்ளிச் சாப்பாடு தேவைப்படும் நாடும் அவ்வளவு சோற்றைக் கொட்டும் நாடும் ஒன்றேதான். கதவுகள் நடுவில் நிற்கின்றன.

ஆகவே எனக்குச் சொல்லத் தெரிந்த சிக்கனக் குறிப்பு ஒன்றுதான். எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பொது மண்டபம் ஒன்று வார நாள்களில் பூட்டியே கிடக்கிறது. அங்கே ஒரு நீளமேசை, ஒரு தையல் இயந்திரம், ஈயம் பற்றவைக்கும் கோல், இரவல் புத்தகத்துக்கு ஓர் அலமாரி, கூடுதலாக வாங்கிய காயை வைக்க ஒரு கூடை இருந்தால் போதும். பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இந்த மாடிகளில்தான் இருக்கிறார்கள். புத்தகம் கட்டத் தெரிந்த அம்மாக்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிறது. கேட்டுப் பார்த்ததில் வருவதற்குத் தயங்கியவர் யாரும் இல்லை. ஒருவர் தன் கருவிப் பெட்டியைத் துடைத்தே வைத்துவிட்டார். சனிக்கிழமை காலைகளில் மண்டபத்தைத் திறந்துவிடும்படி நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் நேரில் கேட்கப் போகிறோம்.